லினக்ஸ் கணினியில் ஜிபிஎஸ்டி நிறுவுவது: ஆன்டெனாவிலிருந்து துல்லிய நேரம் வரை

ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் கணினிக்குத் தருவதெல்லாம் வினாடிக்கு ஒருமுறை சில வரி எழுத்துகள்தான். சீரியல் போர்ட் வழியாக வரும் அந்த வரிகளை ஒரே நேரத்தில் ஒரு நிரல்தான் முழுதாகப் படிக்க முடியும். வரைபட மென்பொருள் ஒரு பக்கம், கடிகாரச் சேவை மறுபக்கம் என இரண்டும் ஒரே போர்ட்டைத் திறந்தால், வரியில் பாதி இதற்குப் போகும், மீதி அதற்குப் போகும். இரண்டுக்குமே உருப்படியாக எதுவும் கிடைக்காது. இந்தச் சிக்கலுக்காகவே எழுதப்பட்டது ஜிபிஎஸ்டி. ரிசீவரை அது ஒன்று மட்டும் பிடித்துக்கொள்ளும். கேட்கிற நிரல்களுக்கெல்லாம் 2947 என்ற டிசிபி போர்ட்டில் இடம், நேரம், வேகம், உயரம் எல்லாவற்றையும் ஜேசான் வடிவில் பிரித்துக் கொடுக்கும்.

இங்கே சொல்வது டெபியன் 12, உபுண்டு, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் மூன்றுக்கும் பொருந்தும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

நிறுவும் வேலை ஐந்து நிமிடம்தான். அரை நாளைத் தின்பது தவறான இடத்தில் பழுதைத் தேடுவது. திரையில் இடம் வரவில்லை என்றதும் ஜிபிஎஸ்டியின் அமைப்புக் கோப்பைத் திருத்தத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். பழுதோ பெரும்பாலும் ஆன்டெனாவிலோ போர்ட்டிலோ இருக்கும். அதனால் கீழிருந்து மேலே வாருங்கள். ஆன்டெனா வானத்தைப் பார்க்கிறதா, போர்ட்டில் வரிகள் வருகின்றனவா, சேவை அவற்றைப் படிக்கிறதா, கடைசியாக நிரல் சேவையிடம் கேட்டு வாங்குகிறதா. ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

ரிசீவரும் ஆன்டெனாவும்

மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் யூ-பிளாக்ஸ் 7 அல்லது 8 சில்லு கொண்ட யூஎஸ்பி ரிசீவரே போதும். ராஸ்பெர்ரி பையில் துல்லிய நேரமும் வேண்டும் என்றால் பிபிஎஸ் முனை, அதாவது வினாடிக்கு ஒரு துடிப்பு தரும் முனை, வெளியே எடுக்கப்பட்ட மாட்யூல் வேண்டும். நியோ-6எம் மலிவு, ஆனால் அமெரிக்க ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை மட்டுமே பார்க்கும். நியோ-எம்8என் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளும். நகரத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்று வானம் மட்டும் தெரிகிற இடத்தில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

நாவிக் வருமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவின் முதல் தலைமுறை நாவிக் செயற்கைக்கோள்கள் 1176.45 மெகாஹெர்ட்ஸிலும், எஸ் பேண்டில் 2492.028 மெகாஹெர்ட்ஸிலும்தான் அனுப்புகின்றன. மலிவு ரிசீவர்கள் கேட்பது 1575.42 மெகாஹெர்ட்ஸையும் அதை ஒட்டியவற்றையும் மட்டும். 1575.42 மெகாஹெர்ட்ஸிலும் அனுப்பும் முதல் நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-01 ஏவப்பட்டது 2023 மே 29 அன்று. ஆகவே பெட்டியில் நாவிக் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த அலைவரிசை என்று தரவுத்தாளில் பார்த்து வாங்குங்கள்.

ஆன்டெனாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை தரையைத் தொடும்போது பின்னணி இரைச்சலுக்கும் கீழே இருக்கிறது. அதை ஒரு காங்கிரீட் தளம் கணிசமாகக் குறைத்துவிடும். தகரக் கூரை ஏறக்குறைய முழுதாக மறைத்துவிடும். ஜன்னல் ஓரம் வைத்தால் பாதி வானம்தான் தெரியும். கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் இல்லை. நல்ல இடம் மொட்டை மாடி, அதுவும் தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத மூலை. சதுர பீங்கான் வில்லை கொண்ட ஆன்டெனாவின் தட்டையான முகம் வானத்தை நோக்கி இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தும் பக்கவாட்டில் தொங்கவிட்டும் வேலை செய்யவில்லை என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. அதன் அடியில் ஏழு சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாத தகரத் துண்டு ஒன்றை வைத்தால் சமிக்ஞை வலுக்கும், சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலைகளின் தொல்லையும் குறையும்.

நீளக் கேபிளோடு வரும் ஆக்டிவ் ஆன்டெனாவுக்குள் ஒரு சிறு பெருக்கி இருக்கிறது. அதற்கான மின்சாரம் அதே கேபிள் வழியாக ரிசீவரிலிருந்து போகிறது. மாட்யூல் பலகையில் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஆன்டெனா வெறும் கம்பிதான். கணினிப் பெட்டிக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிளுக்கும் ஒட்டி வைக்காதீர்கள். யூஎஸ்பி ரிசீவராக இருந்தால் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

புதிதாக வாங்கியதை முதல்முறை திறந்தவெளியில் கால் மணி நேரம் விடுங்கள். தன் சுற்றுப்பாதை விவரத்தை ஒவ்வொரு செயற்கைக்கோளும் 30 வினாடிக்கு ஒருமுறை சொல்லும். ஆனால் எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றும் திருத்தமும் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் மறுபடி முதலிலிருந்து. பல நியோ பலகைகளில் உள்ள சிறு விளக்கு, இடம் கிடைத்ததும் வினாடிக்கு ஒருமுறை மின்னத் தொடங்கும். ஆன்டெனா தேறியதற்கு அதுவே அடையாளம்.

போர்ட்டில் வரிகளைப் பார்ப்பது

ஜிபிஎஸ்டியை இன்னும் நிறுவ வேண்டாம். ரிசீவரைச் செருகிவிட்டு 'சூடோ டிமெசேஜ்' என்று ஒலிக்கிற கட்டளையை, அதாவது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளை, தட்டிக் கடைசி வரிகளைப் பாருங்கள். யூ-பிளாக்ஸின் சொந்த யூஎஸ்பி என்றால் 'டிடிஒய்ஏசிஎம்0' என்ற பெயர் வரும்; சீரியலை யூஎஸ்பியாக மாற்றும் சிபி2102, சிஎச்340 போன்ற இடைச்சில்லு வழியாக வந்தால் 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று வரும். ஏசிஎம், யூஎஸ்பி இரண்டும் பெரிய எழுத்து. இடைச்சில்லு வகைக்கு வேகத்தை நாமே சொல்ல வேண்டும்:

எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0 9600 ரா

இங்கே எஃப் பெரிய எழுத்து. யூ-பிளாக்ஸ் 6, 7, 8 தலைமுறைகள் 9600 பாட் வேகத்தில் வரும். 9-ஆம் தலைமுறை 38400. சொந்த யூஎஸ்பி வகைக்கு இந்த எண் பொருட்டே அல்ல. அடுத்து 'கேட்' கட்டளையோடு அதே போர்ட்டின் பெயரைக் கொடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். சேர்த்ததோடு நின்றால் பழைய உள்நுழைவுக்கு அது தெரியாது.

டாலர் குறியில் தொடங்கி நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்துச் சரிபார்ப்புமாக முடியும் வரிகள் ஓடினால் போர்ட் சரி. விளங்காத குறிகள் கொட்டினால் வேகம் தவறு. ஒன்றுமே வராவிட்டால் கம்பி தவறு. மாட்யூலின் அனுப்பும் முனையான டிஎக்ஸ், கணினியின் பெறும் முனையான ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். டிஎக்ஸை டிஎக்ஸோடு இணைப்பது எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் பிழை.

ஆர்எம்சி என்ற வரியைக் கொஞ்சம் கிட்டே பார்ப்போம். இடம் கிடைக்காதபோது அது இப்படி இருக்கும்:

$ஜிஎன்ஆர்எம்சி,134512.00,வி,,,,,,

கிடைத்த பின்:

$ஜிஎன்ஆர்எம்சி,134512.00,ஏ,1304.9620,என்,08016.2420,இ

முதல் எண் நேரம்: 13 மணி 45 நிமிடம் 12 வினாடி. இது யூடிசி. இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் மாலை 7:15:12. அடுத்த எழுத்து வி என்றால் செல்லாது, ஏ என்றால் செல்லும். வி வந்தாலே ரிசீவரும் கேபிளும் வேகமும் சரி என்று அர்த்தம். குறை ஆன்டெனாவில் மட்டுமே. அதற்கடுத்த 1304.9620 என்பதைப் பலர் 13.049620 பாகை என்று படித்துவிடுகிறார்கள். உண்மையில் அது 13 பாகை, 04.9620 கலை. கலையை 60-ஆல் வகுத்தால் 0.0827, ஆக 13.0827 பாகை. இது சென்னை நடுநகரம். தவறாகப் படித்தால் புள்ளி தெற்கே மூன்றரை கிலோமீட்டருக்கு மேலும் மேற்கே பதினொன்றரை கிலோமீட்டருக்கு மேலும் விலகி விழும். சொந்தமாக நிரல் எழுதி வரிகளைப் பிரிக்க முயல்கிறவர்கள் கண்டிப்பாக விழும் குழி இது. ஜிபிஎஸ்டி எப்போதும் தசமப் பாகையில்தான் கொடுக்கும்.

வரிகள் ஓடும்போதே உபுண்டு 22.04-இல் சிஎச்340 வகை ரிசீவர் செருகிய சில வினாடிகளில் காணாமல் போனால், அது பிஆர்எல்டிடிஒய் என்ற சேவையின் வேலை. பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளில் ஒன்று இதே அடையாள எண்ணைப் பயன்படுத்துவதால், ரிசீவரைப் பிரெயில் கருவி என்று எண்ணி அது பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் கணினியில் பிரெயில் கருவி யாருக்கும் தேவைப்படாது என்பது உறுதியானால் பொதியை நீக்கிவிடலாம். தேவைப்படுமானால் ரிசீவரை மாற்றுங்கள், பொதியைத் தொடாதீர்கள். இன்னொரு குறுக்கீடு மோடம்மேனேஜர்: ஏசிஎம் என்று வரும் எதையும் மோடமா என்று சோதித்துப் பார்க்கும், அப்போது வரிகள் சில வினாடி சிதறும். சிம் மோடம் இல்லாத கணினியில் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம்.

ஜிபிஎஸ்டியை நிறுவுதல்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிபிஎஸ்டி ஜிபிஎஸ்டி-க்ளையன்ட்ஸ்

இரண்டாவது பொதியில் சிஜிபிஎஸ், எக்ஸ்ஜிபிஎஸ், ஜிபிஎஸ்மான், ஜிபிஎஸ்பைப் ஆகிய சோதனைக் கருவிகள் இருக்கின்றன. அவை இல்லாமல் பழுது பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

அமைப்புக் கோப்பு '/ஈடிசி/டிஃபால்ட்/ஜிபிஎஸ்டி'. அதில் மூன்று வரிகளைத்தான் தொட வேண்டும். இவற்றின் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்து. டிவைசஸ் என்ற வரியின் மேற்கோள் குறிக்குள் போர்ட்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஜிபிஎஸ்டி_ஆப்ஷன்ஸ் வரியில் '-என்' என்று போடுங்கள். யூஎஸ்பிஆட்டோ வரி 'ட்ரூ' என்று இருந்தால், தனக்குத் தெரிந்த ரிசீவர்களைச் செருகியதும் தானே பிடித்துக்கொள்ளும்.

டெபியன் குடும்பத்தில் அந்தத் தானியங்கிப் பட்டியலை நம்பி இருக்க வேண்டாம். எஃப்டிடிஐ போன்ற பொது இடைச்சில்லுகளை அதிலிருந்து வேண்டுமென்றே நீக்கியிருக்கிறார்கள். ஆர்டுயினோவிலும் தொழிற்சாலைக் கருவியிலும் அதே சில்லு இருப்பதால் எல்லாவற்றையும் ஜிபிஎஸ் என்று பிடித்துவிடக் கூடாதே என்பதற்காக. எனவே பாதையை நாமே எழுதுவதே உறுதி. அதிலும் 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று எழுதினால், நாளை வேறொரு கருவியைச் சேர்த்துச் செருகும்போது ரிசீவர் 1 ஆகிவிடும், சேவை தவறான கருவியைத் திறக்கும். '/டெவ்/சீரியல்/பை-ஐடி' என்ற அடைவுக்குள் பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் மாறாத நீளப் பெயர் ஒன்று இருக்கும். அதை அப்படியே டிவைசஸ் வரியில் ஒட்டுங்கள். அப்படிச் செய்யும்போது யூஎஸ்பிஆட்டோவை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். இல்லையென்றால் ஒரே ரிசீவர் இரண்டு பெயரில் இரண்டு முறை சேர்க்கப்படும். இந்த ஏற்பாட்டில் ரிசீவரைக் கழற்றி மாட்டினால் சேவையையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

'-என்' எதற்கு? இயல்பில் ஜிபிஎஸ்டி சோம்பேறித்தனமாக நடந்துகொள்ளும்படி எழுதப்பட்டது. யாராவது கேட்கும்வரை ரிசீவரைத் திறக்கவே திறக்காது. மடிக்கணினியில் பேட்டரி மிச்சம் என்பதால் அது நல்லதுதான். கடிகாரச் சேவைக்கு அது ஆகாது. அது 2947-இல் வந்து கேட்பதில்லை, பகிர்வு நினைவகத்தில் எழுதி வைத்ததை எடுத்துக்கொள்ளும். யாரும் கேட்காததால் ஜிபிஎஸ்டி திறக்காது, திறக்காததால் நேரம் வராது. நேரம் வேண்டும் என்றால் '-என்' கட்டாயம்.

இன்னொரு விருப்பம் '-பி'. யூ-பிளாக்ஸ் ரிசீவர்களை ஜிபிஎஸ்டி தன் வசதிக்கு ஏற்ப இருமக் குறியீட்டுக்கு மாற்றிவிடும். பிறகு சேவையை நிறுத்திவிட்டு 'கேட்' போட்டால் நேற்றுவரை தெளிவாக வந்த இடத்தில் குப்பை வரும். ரிசீவர் கெட்டுவிடவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தாலோ 'ஜிபிஎஸ்சிடிஎல் -என்' கொடுத்தாலோ பழையபடி வரிகளுக்குத் திரும்பிவிடும். ரிசீவரின் அமைப்பைத் தொடவே கூடாது என்றால் '-பி' சேருங்கள். அதற்கு விலை உண்டு: இருமக் குறியீட்டில் மட்டும் கிடைக்கும் பிழை மதிப்பீடு போன்ற நுண்விவரங்கள் வராது.

கோப்பைச் சேமித்து 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஜிபிஎஸ்டி' கொடுத்த பின் 'சிஜிபிஎஸ் -எஸ்' தட்டுங்கள். நிலை வரியில் 3டி ஃபிக்ஸ் என்று வந்தால் இடமும் உயரமும் கிடைக்கின்றன. 2டி என்றால் உயரம் நம்பகமில்லை. வலப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் சமிக்ஞை வலு இருக்கும். 35-லிருந்து 45 வரை என்றால் நல்ல ஆன்டெனா, நல்ல இடம். எல்லாமே 25-க்குக் கீழே இருந்தால் இடத்தை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

சிஜிபிஎஸ் வெறுமையாக நின்றால், சேவையை முன்னணியில் ஓட்டி அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். முதலில் நிறுத்த வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: ஜிபிஎஸ்டி சேவையை மட்டும் நிறுத்தினால் போதாது. 2947 போர்ட்டை, சேவைகளையெல்லாம் இயக்கும் சிஸ்டம்டி தானே காவல் காக்கிறது. யாராவது தட்டியதும் சேவையை மறுபடி எழுப்பிவிடும். ஆகவே 'ஜிபிஎஸ்டி.சாக்கெட்', 'ஜிபிஎஸ்டி.சர்வீஸ்' இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு:

சூடோ ஜிபிஎஸ்டி -என் -டி 5 -என் /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0

முதல் என்னும் டியும் பெரிய எழுத்து, இரண்டாவது என் சிற்றெழுத்து. பெரிய என் முன்னணியில் நிறுத்தும், டி 5 விவரமாகப் பேச வைக்கும். ரிசீவரின் வேகத்தை ஜிபிஎஸ்டி ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தேடுவதை இங்கே நேராகப் பார்க்கலாம். சில மாட்யூல்களில் இந்தத் தேடல் அரை நிமிடத்துக்கு மேல் இழுக்கும். வேகம் தெரிந்திருந்தால் '-எஸ் 9600' என்று சொல்லித் தேடலையே தவிர்க்கலாம். கையால் ஓட்டும்போது வேலை செய்து, சேவையாக ஓட்டும்போது அனுமதி மறுக்கப்பட்டால், எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மரைச் சந்தேகியுங்கள். போர்ட்டுக்கு வழக்கத்துக்கு மாறான பெயர் வைத்திருந்தால் அதன் காவல் விதி திறக்க விடாது.

வரிகள் அறுந்து அறுந்து வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9600 பாட் என்றால் வினாடிக்கு 960 எழுத்துகள்தான். நான்கு நாட்டுச் செயற்கைக்கோள்களையும் பட்டியலிடும் வரிகள் சேர்ந்தால் ஒரு சுற்றே அதை நெருங்கிவிடும். அந்த மாட்யூலை வினாடிக்கு ஐந்து முறை அனுப்பச் சொன்னால் கொள்ளாது. வேகத்தை 115200 ஆக்குங்கள், அல்லது வினாடிக்கு ஒருமுறை போதும் என்று விடுங்கள்.

உயரமும் தேதியும் காட்டும் விநோதங்கள்

கடற்கரையில் நின்று பார்த்தால் உயரம் கழித்தல் எண்பது மீட்டருக்கும் கீழே காட்டுகிறதே என்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பலர் திகைக்கிறார்கள். ரிசீவர் சரியாகத்தான் சொல்கிறது. செயற்கைக்கோள் கணக்கு பூமியை வழவழப்பான நீள்வட்டக் கோளமாக வைத்துக்கொள்கிறது. உண்மையான கடல் மட்டமோ புவியீர்ப்பின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி அதற்கு மேலும் கீழும் போகிறது. உலகத்திலேயே அது மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், ஏறக்குறைய 106 மீட்டர் பள்ளத்தில். அதன் சரிவில்தான் நாம் இருக்கிறோம். ஜிபிஎஸ்டி இரண்டு உயரங்களையும் தனித்தனியாகத் தரும்: ஆல்ட்எச்ஏஇ என்பது நீள்வட்டத்திலிருந்து, ஆல்ட்எம்எஸ்எல் என்பது கடல் மட்டத்திலிருந்து. நிரல் எழுதும்போது இரண்டாவதை எடுங்கள்.

தேதி இருபது ஆண்டு பின்னால் போனால் அது 1024 வாரச் சுற்று. ஜிபிஎஸ் வார எண்ணுக்குப் பத்து பிட்தான். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது பூஜ்யத்துக்குத் திரும்பியது, அடுத்து 2038 நவம்பரில் திரும்பும். பழைய ரிசீவர்கள் இதில் குழம்பும். இது போதாதென்று ஜிபிஎஸ்டியின் 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகளில் ஒரு பிழை இருந்தது: 2021 அக்டோபர் 24 வந்ததும் தேதியை 2002 மார்ச்சுக்குத் தள்ளிவிடும். 3.23-இல் அது திருத்தப்பட்டது. 3.22 என்று காட்டும் பொதியிலும் டிஸ்ட்ரோ அந்தத் திருத்தத்தைச் சேர்த்திருக்கலாம். சிஜிபிஎஸ் திரையில் ஆண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நேரம் சரியாக 18 வினாடி முன்னால் ஓடினால் பயப்பட வேண்டாம். ஜிபிஎஸ் நேரத்துக்கும் யூடிசிக்கும் 2017-லிருந்து இருக்கும் வித்தியாசம் அதுவே. முன்பு சொன்ன 12.5 நிமிடச் சுற்றில் திருத்தம் வந்து சேர்ந்ததும் சரியாகிவிடும்.

பகலெல்லாம் நன்றாக இருந்து, மாலை ஏழு மணிக்கு மேல் வலு ஏறி இறங்கி இடம் நழுவுகிறதா? காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. சூரியன் மறைந்த பின் அந்தப் பகுதியின் அயனி மண்டலம் கலங்கி ரேடியோ அலைகளை மினுங்க வைக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களிலும் சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளிலும் இது அதிகம். கேபிளைப் பிரித்து மாட்ட வேண்டாம். பல நாட்டுச் செயற்கைக்கோள்களை எடுக்கும் ரிசீவர் இதைக் கூடுதலாகத் தாங்கும்.

ராஸ்பெர்ரி பையில் பிபிஎஸ்ஸும் க்ரோனியும்

வரிகள் சொல்லும் நேரம் சரி, ஆனால் அவை வந்து சேர்வது தாமதமாக. வினாடி தொடங்கிச் சில நூறு மில்லிவினாடி கழித்துத்தான் வரி முடியும், அந்தத் தாமதமும் நிலையாக இருக்காது. பிபிஎஸ் முனையோ ஒவ்வொரு வினாடியும் பிறக்கிற கணத்தில் ஒரு துடிப்பைக் கொடுக்கும். எந்த வினாடி என்று வரி சொல்லும், எந்தக் கணம் என்று துடிப்பு சொல்லும். இரண்டும் சேர்ந்தால் மைக்ரோவினாடி அளவுக்கு வரலாம். யூஎஸ்பி ரிசீவர்களில் பெரும்பாலும் இந்தத் துடிப்பு கணினிவரை வருவதில்லை. அதனால் கம்பி வேலை வேண்டும்.

பை 3, பை 4 இரண்டிலும் இணைப்பு இப்படி: மாட்யூலின் மின்சாரம் பலகையைப் பொறுத்து 1-ஆம் முனை அல்லது 4-ஆம் முனை, நெகட்டிவ் 6, மாட்யூலின் டிஎக்ஸ் 10, ஆர்எக்ஸ் 8, பிபிஎஸ் 12. பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட்டில் துடிப்பு தரும் பலகையை நேரடியாக இணைத்தால் அந்த முனை செத்துவிடும். முதலில் மல்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் போர்ட் பகுதிக்குப் போய், உள்நுழைவுத் திரை வேண்டுமா என்பதற்கு வேண்டாம், வன்பொருள் போர்ட் வேண்டுமா என்பதற்கு வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் கேள்விக்கு ஆம் என்றால் பை தன் உள்நுழைவு வாசகத்தை ரிசீவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பிறகு '/பூட்/ஃபர்ம்வேர்/கான்ஃபிக்.டிஎக்ஸ்டி' கோப்பின் கடைசியில்:

டிடிஓவர்லே=பிபிஎஸ்-ஜிபிஐஓ,ஜிபிஐஓபின்=18

12-ஆம் முனைதான் ஜிபிஐஓ 18. இரண்டு எண்ணும் வேறு வேறு கணக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம். மறுதொடக்கம் செய்து, 'பிபிஎஸ்-டூல்ஸ்' பொதியை நிறுவி, 'சூடோ பிபிஎஸ்டெஸ்ட் /டெவ்/பிபிஎஸ்0' கொடுங்கள். வினாடிக்கு ஒரு வரி வர வேண்டும். நேரம் கடந்தது என்று சொன்னால், ரிசீவருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. யூ-பிளாக்ஸ் மாட்யூல்கள் வழக்கமாக இடம் கிடைத்த பின்னரே துடிக்கும்.

ஜிபிஎஸ்டியின் டிவைசஸ் வரியில் '/டெவ்/சீரியல்0' கொடுங்கள். கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் சேவையான க்ரோனியை நிறுவுங்கள், டெபியனில் அது பழைய டைம்சிங்க்டியைத் தானே அகற்றிவிடும். '/ஈடிசி/க்ரோனி/க்ரோனி.கான்ஃப்' கோப்பில் இரண்டு வரிகள். எஸ்எச்எம், என்எம்இஏ, பெயராக வரும் பிபிஎஸ் ஆகியவை பெரிய எழுத்து:

ரெஃப்க்ளாக் எஸ்எச்எம் 0 ரெஃப்ஐடி என்எம்இஏ ஆஃப்செட் 0.5 டிலே 0.2 நோசெலக்ட்

ரெஃப்க்ளாக் பிபிஎஸ் /டெவ்/பிபிஎஸ்0 லாக் என்எம்இஏ ரெஃப்ஐடி பிபிஎஸ்

முதல் வரி, ஜிபிஎஸ்டி பகிர்வு நினைவகத்தில் எழுதும் நேரத்தை என்எம்இஏ என்ற பெயரில் எடுக்கிறது. நோசெலக்ட் என்பதால் கடிகாரத்தை அதைக்கொண்டு திருத்தாது, வினாடியின் பெயரைச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வரி துடிப்பைக் கர்னலிலிருந்து நேராக எடுக்கிறது. ஆஃப்செட் எண் ஒவ்வொரு ரிசீவருக்கும் வேறுபடும். இணையத்தில் உள்ள நேரச் சேவையகங்களையும் கோப்பில் விட்டுவைத்து, சில மணி நேரம் ஓடவிட்டு, 'க்ரோனிசி சோர்ஸ்ஸ்டாட்ஸ்' காட்டும் என்எம்இஏ விலகல் பூஜ்யத்தை நெருங்கும்வரை அந்த எண்ணைத் திருத்துங்கள். விலகல் அரை வினாடியைத் தொடுகிற அளவுக்கு இருந்தால் துடிப்பு பக்கத்து வினாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கடிகாரம் மைக்ரோவினாடித் துல்லியத்தோடு, சரியாக ஒரு வினாடி தவறாக ஓடும். இணையச் சேவையகங்களை விட்டுவைக்கச் சொல்வது இதைக் காட்டிக்கொடுக்கத்தான்.

வேறு கணினிகளுக்குக் கொடுப்பது

ஒரே வீட்டு வலையில் உள்ள இன்னொரு கணினி இந்த இடத் தகவலைக் கேட்க வேண்டும் என்றால், பழைய வழிகாட்டிகள் ஜிபிஎஸ்டிக்குப் பெரிய எழுத்தில் '-ஜி' சேர்க்கச் சொல்லும். சிஸ்டம்டி உள்ள கணினியில் அது மட்டும் பலிக்காது. போர்ட்டைத் திறந்து வைத்திருப்பது ஜிபிஎஸ்டி அல்ல, சாக்கெட் அலகு, அது அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 போன்ற உள்முகவரியில் மட்டும்தான் காது கொடுக்கிறது. 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஜிபிஎஸ்டி.சாக்கெட்' கொடுத்து, சாக்கெட் என்ற தலைப்பின் கீழ் முதலில் லிஸன்ஸ்ட்ரீம் என்ற வரியை மதிப்பின்றி வெறுமையாக எழுதுங்கள். பழைய பட்டியலை அழிப்பது அதுதான். பிறகு 2947-ஐக் கணினியின் உள்வலை முகவரியோடு ஒரு வரியிலும், 127.0.0.1-ஓடு ஒரு வரியிலும், '/ரன்/ஜிபிஎஸ்டி.சாக்' என்பதை ஒரு வரியிலும் சேருங்கள். கடைசி வரியை விட்டுவிட்டால் யூஎஸ்பி ரிசீவரைச் செருகியதும் பிடிக்கும் வசதி போய்விடும்.

ஜிபிஎஸ்டி கடவுச்சொல் கேட்பதில்லை. 2947-ஐத் தட்டுகிற எவருக்கும் நீங்கள் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். ரூட்டரில் இந்தப் போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறக்கவே கூடாது. பொது வைஃபையில் இணையும் மடிக்கணினியில் 127.0.0.1 தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, எதையும் தொடாமல் பத்து நிமிடம் விட்டு, 'க்ரோனிசி சோர்ஸஸ்' தட்டுங்கள். பிபிஎஸ் வரியின் முன்னால் ஹாஷ் குறியும் நட்சத்திரமும் சேர்ந்து நிற்க வேண்டும். நட்சத்திரத்துக்குப் பதில் கேள்விக்குறி நின்றால் துடிப்போ வரியோ வந்து சேரவில்லை. முதலில் பிபிஎஸ்டெஸ்ட்டையும் சிஜிபிஎஸ்ஸையும் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ் நின்றால் மற்றச் சேவையகங்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. ஆஃப்செட் எண்ணுக்குத் திரும்புங்கள்.